செத்தவன் பேசக் கூடாது

...அது எப்படி நாயமாகும், நீயே சொல்லு. இல்ல இல்ல, சொல்லாத. வாயத் தொறந்துறாத சாமி, தொறந்தீன்னா மூணு வருச விரதமும் போச்சு. நான் பேசறேன், நீ கேட்டுக்கிட்டே இரு. நீ செத்தவன். எரிஞ்சுபோன காமன் இன்னிக்கி சாயங்காலம் சிவன் வந்து எழுப்புற வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது, அது நம்ம காமன் கூத்துக்குச் சட்டம். அதுக்காக? செத்தவன் பாட்டுக்கு எந்திரிச்சு பஸ் ஏறி குன்னூருக்கு வந்தறலாமா? தள்ளி உக்காரு. இன்னுங் கொஞ்சம்... அப்பாடா. இந்த பஸ் ஸ்டாண்ட சுத்திச் சுத்தி முட்டி ரெண்டும் கழண்டு போச்சு.

மங்கி குல்லாவ இழுத்து உட்டுக்கிட்டா ராஜகுமாரிக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியாக்கும். பொடனியில பச்ச மை அப்படியே இருக்குதே வசந்து. காமன் வேசத்துக்குப் பூசுன மை தேங்காயெண்ண போட்டுத் தேச்சாத்தான் போகும்னு உனக்குத் தெரியாதா? பச்ச நெல்லிக்கா மாதிரி பொடனிய வெச்சுக்கிட்டு எந்த ஊருல போயி ஒளியப் போற?

யாரு சொன்னதுன்னு பாக்கறயா? அக்கட்டால இருக்குது பாரு பேக்கரி, அந்தக் கடக்காரருதான். அவரு நம்ம எஸ்டேட் கட தாவூத் பாய்க்கு போன் பண்ணி, "பாய், ஒரு ஆளு ரெண்டு நாளா வந்து கைய காட்டி டீயும் பன்னும் கேக்கறான். பாவம், வாய் பேச முடியாத புள்ளன்னு ஒரு பன்னு சேத்துக் குடுத்தேன். இன்னிக்கிப் பாத்தா கையில மஞ்சக் காப்பு. உங்க ஊருக் காமன் காணாமப் போனது இவனுங்களா"ன்னு கேட்டிருக்காரு. ஓசிப் பன்னு வேற தின்னிருக்கற. நல்லா இருக்குது.

அந்த பேக்க இப்படிக் குடு. குடு கண்ணு, மடியில வெச்சுக்கறேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குத்தான நிக்கற? அப்படியே திருப்பூரு, பனியன் கம்பெனி, உன்ற சேக்காளி ரூமு. தெரியுமே. நம்ம எஸ்டேட் பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடக்குது. அதுக்குள்ள நான் சொல்ல வந்தத சொல்லிப்போடறேன். ஒரு சேதி இருக்குது. காலைல போன் வந்துச்சு, அதச் சொல்லத்தான் இன்னிக்கி லீவு போட்டுட்டு ஓடியாந்தேன். இரு, வரிசையா வரேன். நடுவுல இருந்து சொன்னா உனக்கு வெளங்காது.

மொதல்ல ஊட்டுல நடக்கறத கேளு. என்ற ஊட்டுக்காரரு கெடக்கற கெடப்ப நீ பாக்கோணும். ஏப்பா, அம்பது தாண்டுன மனுசன், இத்தன வருசமா ரதி வேசம் கட்டறாரு. வருசா வருசம் மாசி பொறந்தா மீசைய எடுத்துப் போட்டுட்டு வந்து கண்ணாடி முன்னால நிப்பாரு, எனக்கே கொஞ்சம் வெக்கமா இருக்கும். காமன் எரிஞ்சதும் வெள்ளச் சேல. காமன் எந்திரிச்சாத்தான் மறுபடியும் பூவும் பொட்டும். இப்ப நீ பாட்டுக்குப் போயிட்டியா, மனுசன் வெள்ளச் சேலையோட கம்பத்தடியிலயே உக்காந்துருக்காரு. கஞ்சி குடிக்கறதில்ல. நாளைக்கி பேக்டரியில மொத ஷிப்டு. வெள்ளச் சேலையோட போயி ரோலர் மிசினு முன்னால நிக்க முடியுமா? முந்தானைய இழுத்துக்காதா? மேனேஜரு கேட்டா என்ன சொல்லறது, புருசன் இன்னும் எந்திரிக்கலீங்கன்னா?

சிரிக்காத. தோளு குலுங்குது பாரு. சிரிச்சா சத்தம் வந்துரும்.

வேற பையனப் போட்டு எழுப்பிக்கலாம்னு உங்க மேல் டிவிஷன் ஆளுங்க ரோசன சொன்னாங்க. எரிஞ்சவன் ஒருத்தன், எந்திரிக்கறவன் இன்னொருத்தனா? காப்புக் கட்டுனவன் உசுரோட இருக்கறப்ப வேற ஆளு வரலாமா? என்ற ஊட்டுக்காரரு எந்திரிச்சு நின்னு, அத்தன பேரு முன்னால, "எனக்கு வசந்து ஒருத்தன்தான் புருசன், வேற எவன் வந்தாலும் நான் மால போட மாட்டேன்"னு சொல்லிப்போட்டாரு. சொல்லிப்போட்டு அழுவறாரு. நெச அழுக வசந்து, மூக்கு செவந்து போச்சு. என்னக் கட்டி இத்தன வருசம் ஆச்சு, எனக்குக் கையில கவாத்துக் கத்தி வெட்டி ரத்தமா ஊத்துனப்ப, "துணி சுத்திக்க"ன்னாரு. அவ்வளவுதான். உனக்காகக் கஞ்சி குடிக்காம உக்காந்துருக்காரு. எனக்கு வயிறு எரியாதா?

சரி, எதுல உட்டேன்? ஆங். எல்லாத்துக்கும் காரணம் உங்க மாப்பிள்ள ஊட்டுக்காரங்கதான். கோவிச்சுக்காத, உண்மையச் சொல்லறேன். கூத்துக் கல்யாணமா இருந்தாலும் கல்யாணம் கல்யாணந்தான? நாங்க கீழ் டிவிஷன், பொண்ணு ஊடு. மொறையா முறுக்கு, அதிரசம், பழம், பட்டு, தலச்சொமையா தூக்கிட்டு மேட்டுல ஏறி வந்தோம். நீங்க பதில் சீருன்னு எதக் கொண்டாந்து வெச்சீங்க? கேரட்டு, முள்ளங்கி, பீட்ரூட்டு. தட்டு தட்டா. எனக்கு முள்ளங்கியப் பாத்ததும் ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. கேட்டதுக்கு உங்க மேஸ்திரி, "கோத்தகிரி காய்கறிக் கண்காட்சியில இத வெச்சு மயிலே செய்யறாங்க, காசு குடுத்துப் பாக்கறீங்க. நாங்க தட்டுல வெச்சாக் கொறச்சலா?"ங்கறாரு. மயிலு செஞ்சு கொண்டாந்திருந்தா நான் ஏன் கேக்கறேன்? மண்ணு கூடக் கழுவல.

அப்புறம் அந்தச் செண்ட மேளம். கூடலூருக்கு அந்தாண்டருந்து வேன் வெச்சுக் கூட்டியாந்தீங்க. நல்லாத்தான் அடிச்சாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா நம்ம தப்பு மோளம் அடிச்சாத்தான காமனுக்குக் காலு வரும்? நீயே அன்னிக்கி ரெண்டு தடவ தப்பா ஆடுன. பாத்தேன்.

அதவிடக் கூத்து அந்தப் பொக மிசினு. இந்த மலையில இல்லாத பனியா? பங்குனி வந்தும் சாயங்காலமானா எதிர்ல நிக்கற ஆளு தெரியாது, இதுல மேட்டுப்பாளையத்துலருந்து வாடகைக்குப் பொக. கைலாசம் மாதிரி இருக்கோணுமாம். பனி ஒரு பக்கம், பொக ஒரு பக்கம். நம்ம சில்வஸ்டரு சிவன் வேசத்துல நெத்திக்கண்ணத் தொறக்கோணும், காமன் எங்க நிக்கறான்னு தெரியாம தாவூத் பாய எரிக்கப் போயிட்டான். பாய் பயந்து, "சிவனே, நான் இல்ல, அக்கட்ட பாரு"ன்னு கத்துனாரு. நெத்தியில லைட்டு, கையில சுச்சு. எலக்ட்ரீசியனு சிவன்னா அப்படித்தான் இருக்கும். ஆனா ஒண்ணு, விரதத்துல அவன அடிச்சுக்க ஆளில்ல. நமக்குக் காமன் விரதம் வர்றப்பத்தான் சர்ச்சுல அவனுக்குத் தவக்காலம். ரெண்டுக்கும் சேத்துக் கறி திங்காம இருக்கான். உங்க மேஸ்திரி ரெண்டாம் நாளே கோழி தின்னாரு, அது வேற கத.

இந்தா, வர்க்கி. சூடா வாங்குனேன். செத்தவன் திங்கலாம், தப்பில்ல, பன்னு தின்னவன்தான நீ. குல்லாவத் தூக்கிட்டுத் தின்னு... வாய் வரைக்கும் தூக்குனாப் போதுமா, காதுக்கு மேல தூக்கேன். நான் பேசறது கேக்குதா இல்லியா? சரி, அப்படியே இரு. கேக்காத மாதிரி நீ உக்காந்துருந்தாலும் எனக்குத் தெரியும்.

இப்ப விசயத்துக்கு வரேன். மைக்கு. அந்தச் சில்வஸ்டரு உன்ற நெஞ்சுல சட்டைக்குள்ள ஒரு குட்டி மைக்க மாட்டியிருந்தான் பாரு, அதுதான் கெடுத்துச்சு. நீ எரிஞ்சு உழுந்ததும் அத அணச்சிருக்கோணுமா இல்லியா? அணைக்கல. சிவன் வேசத்துல ஆடிக்கிட்டே எப்படி அணைக்கறதுங்கறான். அந்த மைக்கு மட்டும் அணஞ்சிருந்தா நான் அழுதது எனக்கும் உனக்கும் நடுவுல போயிருக்கும். நான் அழுதது தப்பா? காமன் செத்தா ரதிக்கு ஆத்தா மொறையில இருக்கறவ ஒப்பாரி வெக்கோணும். என்ற ஊட்டுக்காரருக்கே ஆத்தாவா நிக்கறது எனக்கென்ன ஆசையா? மொற. உன்ன வெள்ளத் துணி போட்டுப் படுக்க வெச்சாங்க, உக்காந்தேன், அழுதேன். ரெண்டு வரி.

என்ன? விரல் என்ன விரல்? ரெண்டு வரி இல்லியா... சரி, ரெண்டு கையயும் விரிக்காத, பஸ் ஸ்டாண்டுல பாக்கறாங்க. கொஞ்சம் நீண்டு போச்சு. அரமணி நேரம்னு சொல்லறாங்க, எனக்குத் தெரியல. ஒப்பாரி வெக்கறவ வாட்ச்சு பாத்தா அழுவா?

முப்பத்தி நாலு வயசாச்சே என் ராசா, உனக்கு
முந்தானை முடிய ஒருத்தியும் வரலையே...
சாயம் அடிச்ச மீசையில சாம்பலு படிஞ்சிருச்சே
சந்தையில பாத்த பொண்ணும் சரின்னு சொல்லலையே...

இது வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? எங்க பக்கத்து ஊட்டு ஜெஸிந்தா அழுதா. பந்தல்ல பாதிப் பொம்பளைங்க மூக்கச் சிந்துனாங்க. அழுவறவங்களப் பாத்தா எனக்கு இன்னும் வரும், அது என்ற பொறவி. அப்புறந்தான் அந்தக் கொறட்ட வரி வாயில வந்துச்சு.

கொறட்ட சத்தம் கேக்காம லைனெல்லாம் தூங்குதய்யா
கொட்டாவி உட்டபடி என் குலக்கொழுந்து சாஞ்சதய்யா...
காட்டெருமை வந்த அன்னிக்கி கக்கூசுல பூட்டிக்கிட்டு
கத்துன என் சிங்கமே, கண்ண மூடிப் போனதென்ன...

அதுக்குத்தான் பசங்க சிரிச்சாங்க. நான் என்ன பண்ணட்டும்? உண்மையில நீ பூட்டிக்கிட்ட. காட்டெருமை போயி அரமணி நேரம் கழிச்சும் தொறக்கல, சில்வஸ்டரு வந்துதான் கதவக் கழட்டுனான். அதச் சொன்னா நீ எந்திரிச்சு உக்காந்தறதா? எரிஞ்ச பொணம் எங்கயாவது எந்திரிச்சு உக்காருமா? வெள்ளத் துணிய ஒதறிப்போட்டு, கிரீடத்த என்ற மடியில வெச்சுட்டு, விறுவிறுன்னு தேயிலைக்குள்ள எறங்கிப் போயிட்ட. பனியில பத்தடி போனதும் ஆளே தெரியல. என்ற ஊட்டுக்காரரு சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுப் பின்னாலயே ஓடுனாரு. அந்தக் கோலத்துல சந்து பொந்தெல்லாம் தேடுனாரு வசந்து.

நீ போனியே, அப்புறம் நடந்தது தெரியுமா? உங்க மேல் டிவிஷன் எரியாத கட்சி. வருசா வருசம் காமன் எரியவே இல்லன்னு பாட்டுல வாதாடித் தோக்கற கட்சி. உங்க மேஸ்திரி மேடையில ஏறி, "பாத்தீங்களா, எந்திரிச்சுப் போறான், காமன் எரியல, நாங்க ஜெயிச்சோம்"னு மால போட்டுக்கிட்டாரு. எரிஞ்ச கட்சிக்கு எப்பவும் தாவூத் பாய்தான். எத்தன பாட்டு அந்த மனுசனுக்கு மனப்பாடம். அவரு உடுவாரா? "எரிஞ்சதுனாலதான்யா வலி தாங்காம எந்திரிச்சான், எரியாதவன் எதுக்கு ஓடறான்"னு ஒரே போடு. இன்னும் முடியல அந்தச் சண்ட. நான் பஸ் ஏறறப்பக்கூட கட வாசல்ல பாடிக்கிட்டு இருந்தாங்க. யாவாரம் நின்னு போச்சு, சீனி வாங்க வந்த பொம்பளைங்கள்லாம் ஒரு கட்சியில சேந்துட்டாங்க.

நீ எதுக்கு மூஞ்சியத் திருப்பற? மேட்டுப்பாளையம் பஸ்ஸா? அது கோத்தகிரி பஸ்ஸு, உக்காரு.

தெரியும் கண்ணு. உனக்குக் கோவம் காட்டெருமைக்கு இல்ல. மீசைக்கும் இல்ல. மொத வரிசையில நாற்காலி போட்டு உக்காந்துருந்தாங்களே நெல்லியாளத்துக்காரங்க, அவங்களுக்குத்தான். பஸ்ஸு மாறி மாறி, மாப்பிள்ள வேசம் கட்டி ஆடறதயும் பாத்துட்டு, ஆளயும் பாத்துட்டுப் போலாம்னு வந்த சனம். பொண்ணோட அப்பா, அம்மா, மாமன், அந்தக் கலைமதிப் பொண்ணு. காமன் வேசம் கட்டுனா கல்யாணம் கூடும்னுதான நீ காப்பே கட்டுன, மூணாவது வருசம் கூடி வர்ற நேரத்துல இப்படி ஆச்சு. நானா மைக்கு வெச்சேன்? முப்பத்தி நாலுன்னு ஸ்பீக்கருல கேட்டதும் அந்தப் பொண்ணோட அப்பா நிமிந்து உக்காந்தாரு. ஏன்னா அவருகிட்ட வயசு இருபத்தெட்டுன்னு சொல்லியிருந்துச்சு.

...யாரு சொன்னதா?

நாந்தான். வேற யாரு சொல்லுவா? நாந்தான நெல்லியாளத்துக்குப் போயி பேசி முடிச்சேன். மீசையப் பத்திக் கேட்டாங்க, இயற்கையாவே கருப்புன்னு சொன்னேன். தைரியமான பையனான்னு கேட்டாங்க, காட்டெருமைய நேருக்கு நேரா பாத்தவன்னு சொன்னேன். பொய்யில்ல, பாத்தியே, பாத்துட்டுத்தான பூட்டிக்கிட்ட. பங்குனியில கூத்து இருக்குது, வந்து மொத வரிசையில உக்காருங்கன்னு கூப்புட்டவளும் நாந்தான். நாற்காலி தொடச்சுப் போட்டவளும் நாந்தான். அப்புறம் அதே வாயில ஒப்பாரி வெச்சவளும்... ஆமா. மாப்பிள்ள ஊட்டு முள்ளங்கி ஒண்ணும் பண்ணல. மைக்கும் ஒண்ணும் பண்ணல. நாந்தான்.

என்னப் பாக்காத. நேராப் பாரு, நான் சொல்லறது சங்கடமா இருக்குது.

ஏன் அப்படிப் பண்ணுனேன்னு ரெண்டு நாளா எனக்கே வெளங்கல வசந்து. கொழுந்து பறிக்கறப்பக்கூட அதே ரோசன. பொண்ணு கேக்கப் போனா எனக்குப் பொய் தண்ணியாட்டம் வரும். ஒப்பாரிக்கு உக்காந்தா ஒரு பொய் வராது. உன்ன வெள்ளத் துணி போட்டுப் படுக்க வெச்சுட்டாங்களா, எனக்குக் கூத்து மறந்து போச்சு. உங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. அவ இருந்தா உன்ன அப்படிப் பாத்துத் தாங்குவாளா? மகனுக்கு வயசு போகுதே, கல்யாணம் ஆகலியேன்னு அவதான கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டுக் கெடந்தா. அவ வந்து அழுதா என்ன சொல்லி அழுவாளோ, அத்தனையும் நான் அழுதேன். பெத்தவ இருபத்தெட்டுன்னா அழுவா? அவளுக்கு உன்ற வயசு தெரியாதா... சரி உடு. கண்ணத் தொடச்சுக்கறேன். பனி பட்டுருச்சு.

ஆங், சேதி. சேதியச் சொல்லாம எங்கயோ போயிட்டேன். காலைல போன் வந்துச்சுன்னு சொன்னேனில்ல, அது யாருன்னு நெனக்கற? எடுத்ததும் திட்டத்தான் போறாங்கன்னு போன தூரமா வெச்சுக்கிட்டேன். பாத்தா... ஏய்! ஏய், போ! அட சனியனே, வர்க்கிய எடுத்துட்டுப் போவுது பாரு! கொரங்கே, கீழ போடு! கவரோட தூக்கிட்டுக் கூரையில ஏறிருச்சே. எத்தன ஆச ஆசையா வாங்குனேன். எறங்கு! இங்க பாரு, மொறைக்குது என்ன. உனக்கென்ன, நீயும் கேளு சேதிய. அந்தக் கலைமதிப் பொண்ணுதான் பேசுச்சு! அப்பன் ஆத்தா பேசல, பொண்ணே பேசுச்சு. கேட்டுக்கிட்டயா? "அத்தே, நீங்க அரமணி நேரம் அவரப் பத்தி அத்தன பேசுனீங்க, அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே. எந்திரிச்சுப் போறப்பக்கூட வாயத் தொறக்காம விரதத்தக் காப்பாத்திட்டுத்தான போனாரு. எங்க ஊட்டு ஆம்பளைங்க அர நிமிசம் கேக்க மாட்டாங்க. இப்படிக் கேக்கறவரு ஒருத்தரு எனக்குப் போதும்"னு சொல்லுச்சு. அதோட உட்டுச்சா? "எங்கப்பா எனக்கு இருபத்தாறுன்னு சொன்னாரில்ல, அதயும் நீங்க கொஞ்சம் ஒப்பாரி வெச்சுப் பாருங்க, முப்பத்தொண்ணு வரும்"னு சொல்லிச் சிரிக்குது. எப்படி என்ற செலக்சன்? கொரங்கே, தின்னு தொல. போனாப் போவுது, நல்ல சேதிக்கு ஒரு வர்க்கி போனா என்ன. இன்னிக்கி எந்திரிக்கறதப் பாக்க மறுபடியும் வர்றாங்களாம் வசந்து, மொத வரிச நாற்காலி நான் தனியா...

வசந்து?

எங்க போனான்? ஏனுங்க, இங்க குல்லா போட்டுக்கிட்டு ஒரு பையன் உக்காந்துருந்தானே, பாத்தீங்களா? மடியில இருந்த பேக்கு? பேக்கையும் எடுத்துட்டுப் போயிட்டானா? அந்த பஸ்ஸு எது, இப்பப் பொறப்பட்டுதே... மேட்டுப்பாளையமா? ஐயோ. நிறுத்துங்க! கண்டக்டர் சார், நிறுத்துங்க சார், உள்ள எங்க காமன் இருக்கான்! போயிட்டானே. வளைவு திரும்பிருச்சே...

கொரங்குகிட்டயா சொல்லிக்கிட்டு இருந்தேன் இத்தன நேரம்? ஒரே ஒரு சேதி. வந்ததும் உக்காந்ததும், "பொண்ணு சம்மதிச்சுருச்சு வசந்து"ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. மூணு வார்த்த. அதச் சொல்லறதுக்கு முள்ளங்கியில ஆரம்பிச்சேனே, எனக்கு அறிவிருக்குதா? இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி நிப்பேன் அந்த மனுசன் முன்னால? வெள்ளச் சேலையோட வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாரே. பாவம், பச்சத் தண்ணி குடிக்காம... எல்லாம் இந்த வாயி. இந்த வாயாலதான் அவன் போனான், இந்த வாயாலதான் மறுபடியும் போனான்.

எஸ்டேட் பஸ்ஸு வந்துருச்சா? வரட்டும். ஏறறேன், வேற என்ன பண்ணறது. கொஞ்சம் கையக் குடுங்கம்மா, படி ஒசரமா இருக்குது...

அட.

அட சாமி. மூணாவது சீட்டுல பாரு. பச்சப் பொடனி. அட என்ற ராசா, எனக்கு முன்னாலயே வந்து ஏறி உக்காந்துருக்கான்! எப்ப ஏறுன? சேதியக் கேட்டுட்டு வந்தியா, கேக்காமயே வந்தியா? அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். கேக்கல போலிருக்குது, மூஞ்சி இன்னும் அப்படியேதான் இருக்குது. கேக்காமயே வந்துட்டான். நான் ஒண்ணுஞ் சொல்லி வரல, அந்த மனுசனுக்காக வந்துட்டான்... இரு, பக்கத்துல உக்காந்து சொல்லறேன். என்னது இது? பக்கத்துச் சீட்டுல பேக்க வெச்சிருக்கற? அதுக்கு மேல உரமூட்ட யாருது? உன்றதில்லாத மூட்டையத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் உக்காரக் கூடாதுன்னு அர்த்தமாக்கும்? நல்லது. பின்னால உக்காந்துக்கறேன்.

அதுவும் நல்லதுக்குத்தான். இப்பச் சொன்னா சந்தோசத்துல வாயத் தொறந்துருவான், இன்னும் ரெண்டு மணி நேரத்துல முடியப் போற விரதம் இந்த பஸ்ஸுல போயிரும். வேண்டாம். சிவன் எழுப்பட்டும், மால மாத்தட்டும், அப்புறஞ் சொல்லிக்கலாம். ராஜகுமாரி ஒரு தடவயாவது வாய மூடிக்கிட்டு வருவா. ஆமா. மூடிக்கிட்டேன்.

...ஏனுங்கம்மா, தனியாவா போறீங்க? எங்க எறங்கறீங்க? அதுக்கு அடுத்த ஸ்டாப்புதாங்க நானு. இன்னிக்கி எங்க எஸ்டேட்டுல காமன் எந்திரிக்கறாரு, வாங்களேன் பாக்கறதுக்கு. நாலு டிவிஷன் சனமும் வருமுங்க. இல்லீங்க, நான் ஒண்ணும் பேசற ஆளில்லீங்க, ஒரு விசயத்த மனசுல வெச்சுக்கிட்டு இருக்கேன், சாயங்காலம் வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. உங்களுக்கு வேணாச் சொல்லறேன், நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே. மெதுவாச் சொல்லறேன். நெல்லியாளத்துல கலைமதின்னு ஒரு பொண்ணுங்க...

முன்னாடி பாக்காதீங்க. பாக்காம கேளுங்க. அந்த மூணாவது சீட்டுல மங்கி குல்லாக்காரன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, இத்தன நேரம் கழுத்து வரைக்கும் இழுத்து உட்டுக்கிட்டு இருந்தான். இப்ப ஒரு பக்கம் மட்டும் மேல தூக்கி, காத வெளிய எடுத்து உட்டுக்கிட்டான்.